வீட்டோடு இருக்கிறாள்

ஹாரோ கார்னர்ஸ், ஓஹையோ
1885 மார்ச் 9

அன்புள்ள தம்பி ஆர்லாண்டோவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். பசுக்கள் சுகம். அப்பாவின் இடுப்பு மட்டும் வழக்கம்போல மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்கிறது. நெப்ராஸ்காவில் நீயும் உன் மனைவி தெர்சாவும் சுகமா? குளிர் விட்டதா?

விஷயம் என்னவென்றால், நம் மாவட்டத்துக்கு வரலாறு எழுதுகிறார்களாம். ஃபாஸ்டிக் என்று ஒரு ஆசாமி தோல்பையோடு பண்ணை பண்ணையாக ஏறி இறங்குகிறார். பெரிய புத்தகம், தோல் அட்டை, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடும். குடும்பத்துக்கு ஒரு பத்தி. தலைவர் எங்கே பிறந்தார், எந்தக் காட்டை வெட்டி நிலமாக்கினார், எந்தப் போரில் சண்டை போட்டார் என்று எழுதிக் கொடுப்பது நாமேதான். அதனால் ஊரில் திடீரென்று எல்லோரும் மாவீரர்களாகிவிட்டார்கள். அடுத்த பண்ணை க்ரம்ப்டன்களுக்கு இங்கிலாந்தில் கோட்டை இருந்ததாம். அவர்கள் கோழிக்கூண்டுக்கே கதவு கிடையாது, கோட்டையாம் கோட்டை!

அப்பாவைக் கேட்டால், "பொறந்தேன், உழுதேன், சண்டைக்குப் போனேன், வந்தேன். போதாதா?" என்கிறார். உள்நாட்டுப் போரில் டென்னஸியில் இடுப்பில் காயம்பட்ட கதையைக் கேட்டால் உடனே புகையிலைப் பைப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். பைப் வாயிலேயே இருக்கிறது. அதனால் அப்பாவின் பத்தியை நீ எழுது. உனக்குத்தான் அந்த மாதிரி வளைத்து வளைத்து எழுத வரும்.

பத்தியின் கடைசி வரி பிள்ளைகளுக்கு. பையன் என்றால் எங்கே என்ன செய்கிறான், பெண் என்றால் யாருடைய மனைவி. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்று ஃபாஸ்டிக்கைக் கேட்டேன். "அதுக்கு ஒரு வழக்கம் இருக்கும்மா. 'வீட்டோடு இருக்கிறாள்'னு போட்டுடுவோம். மாவட்டம் பூரா அப்படித்தான்" என்றார். தோல் அட்டைக்குள், நம் பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள் படிக்கும்படி. எனக்கொன்றும் இல்லை. சும்மா சொல்கிறேன்.

மர மில் ஆன்சல் டௌ நேற்று வேலிக்கட்டை கொண்டுவந்தார். கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளைக்கு 'மில் சொந்தக்காரர்' என்றுதான் போடுவார்களாம், அவர் சொல்லிச் சிரித்தார். ஆன்சலுக்கு நல்ல சிரிப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். தெர்சாவுக்கு என் முத்தம்.

அக்கா லவினா

*

லூப் ஆற்றங்கரை, நெப்ராஸ்கா
1885 ஏப்ரல் 14

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். மை உறைந்துபோயிருந்தது.

அப்பாவின் பத்தியைக் கவலைப்படாமல் என்னிடம் விடு. என் வரியை இப்போதே தருகிறேன், குறித்துக்கொள்: "ஆர்லாண்டோ, நெப்ராஸ்காவில் செழிப்பான விவசாயி, மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர்." மாடியறை ஜன்னல் கிழக்கே பார்த்தது என்பதையும் சேர்க்கலாம், இடமிருந்தால். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதே. உள்ளதைத்தானே சொல்கிறேன்.

இரண்டாம் பக்கத்துக் கறை காபி. உறைக்குள் உதிர்ந்திருக்கும் மண்ணைத் தட்டிவிடு. காற்றடிக்கிற ஊர்.

அதுசரி, யார் அக்கா இந்த ஆன்சல் டௌ? வேலிக்கட்டையைப் பற்றி எழுத வந்தவள் சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாயே?

பணிவுள்ள தம்பி,
ஆர்லாண்டோ

*

ஹாரோ கார்னர்ஸ்
1885 மே 3

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம்தானே? வாயாடித்தனம் மட்டும் குறையவில்லை.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் தலைமேல் சத்தியமாக அப்பாவுக்கு எழுதக்கூடாது. ஆன்சல் என்னைக் கேட்டார். இப்போது இல்லை, முன்பே கேட்டார், நான் முடியாது என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி முடியாது என்றேன். போன ஞாயிறு சர்ச் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "லவினா, இனி கேக்க மாட்டேன். இலையுதிர் காலத்துல மில்லை வித்துட்டு ஓரிகன் போறேன். இங்கயே இருந்தா தினம் உன்னைப் பாக்கணும், எனக்குத் தாங்காது" என்றார்.

அழுகையாக வந்தது ஆர்லாண்டோ. ஆனால் எப்படிப் போவேன்? அப்பாவால் குனிந்து பூட்ஸ் மாட்ட முடியாது. இரவு ஒத்தடம் இல்லாமல் தூங்க முடியாது. நாட்டுக்காகக் காயம்பட்ட மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு நான் மில் வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பதா? தெரிந்தால் "போ"வென்று தள்ளிவிடுவார், பிறகு பூட்ஸ் இல்லாமலே நடப்பார். அதனால்தான் வாயைத் திறக்காதே என்கிறேன்.

முப்பத்தாறு வயதில் இதெல்லாம் என்ன பேச்சு. பத்தியை எழுதி அனுப்பு.

லவினா

*

ஹாரோ கார்னர்ஸ்
1885 மே 20

டேய் ஆர்லாண்டோ,

சுகம். நீயும் சுகம்னு நெனக்கிறேன். அப்பன் கடுதாசி எழுதறது உனக்கு அதிசயமா இருக்கும். இருக்கட்டும். உக்காந்து படி, படிச்சதும் அடுப்புல போடு. உங்கக்காகிட்ட மூச்சு விடாத.

எங்க பழைய சிப்பாய்ங்க சங்கத்துல வருஷா வருஷம் பீன்ஸ் விருந்து நடக்குமே, அதுக்கு சமைக்கிறவ ப்ரூடென்ஸ் ஹாட்ச். புருஷன் போய் ரொம்ப நாளாச்சு. அவ பேசினா எனக்குச் சிரிப்பு வருது. உங்கம்மா போனதுலேர்ந்து நான் சிரிச்சு நீ பாத்திருக்கியா? கட்டிக்கலாம்னு ஆசை. அவளும் முகம் சுளிக்கல.

ஆனா லவினாவை நெனச்சா மனசு வரல. பாவம், அவளை யாரும் வந்து கேக்கல. இத்தனை வருஷமா அந்த அடுப்படியில அவதான் ராணி. அங்க இன்னொருத்தியைக் கொண்டாந்து நிறுத்தினா அவ எங்கடா போவா? அதான் வாயை மூடிட்டிருக்கேன்.

இன்னொண்ணு. என் இடுப்பு சரியாகி வருஷக்கணக்காச்சு. ஒத்தடம் கொடுக்கறப்ப அவ முகத்தைப் பாத்தா, சரியாயிடுச்சும்மான்னு சொல்ல வாய் வர்றதில்ல. அந்த வேலையும் இல்லன்னா அவளுக்கு இங்க என்ன இருக்கு? அதான் நொண்டிக்கிட்டே இருக்கேன். நொண்டறது லேசு இல்லடா. சந்தைக்குப் போனா பாதி வழியில மறந்துடுது.

புஸ்தகத்துல காயத்தைப் பத்தி எழுதாத. அது குண்டு இல்ல. டென்னஸில சாப்பாட்டு வண்டி வரல, பசி. ஆப்பிள் மரத்துல ஏறினேன், கிளை முறிஞ்சுது. எதிரி ஒருத்தன்கூட கிட்ட இல்ல. மரத்துக்காரி மட்டும் வெளக்குமாத்தோட வந்தா.

அப்பா, அசா பிராம்லெட்

*

லூப் ஆற்றங்கரை
1885 ஜூன் 12

வணக்கத்துக்குரிய அப்பாவுக்கு,

சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அக்காவை யாரும் கேட்கவில்லை என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? நான் எதையும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல முடியாதபடி சத்தியம் இருக்கிறது, அந்தச் சத்தியமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மில் பக்கம் போய்வாருங்களேன். ஆன்சல் டௌவோடு கொஞ்சம் பேசுங்கள். பலகை நன்றாக இருக்கும் என்று கேள்வி. அக்காவோடும் மனம்விட்டுப் பேசிப் பாருங்கள், அவளுக்கும் இதையேதான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஆர்லாண்டோ

*

ஹாரோ கார்னர்ஸ்
1885 ஜூலை 26

தம்பி,

நாங்கள் இருவரும் சுகம், உன் யோசனைகள்தான் சுகமில்லை.

பலகை நன்றாக இருக்கும் என்று அப்பாவுக்கு எழுதினாயாமே? போய் ஒரு வண்டி நிறையப் பலகை வாங்கிவந்துவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. களஞ்சியத்தின் பக்கத்தில் அடுக்கிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆன்சலிடம் என்ன பேசினீர்கள் என்றேன். "ஓக்கு மரம் பத்திப் பேசினோம், பைன் மரம் பத்திப் பேசினோம். பய நல்லவன். பாவம், அவனுக்கும் யாருமில்ல போல" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது.

மனம்விட்டுப் பேசு என்றாயே, அதையும் செய்தோம். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"லவினா, உனக்கு ஒண்ணும் குறையில்லையே?"

"எனக்கென்னப்பா குறை. உங்களுக்கு?"

"எனக்கென்ன. நீ இருக்கியே."

"நீங்க இருக்கீங்களே."

அவ்வளவுதான். பட்டாணி தீர்ந்துபோயிற்று.

ட்ருசில்லா க்ரம்ப்டன் கைக்குழந்தையோடு வந்து, "எங்க பத்தி அச்சுக்கே போயிடுச்சு. உங்க பத்தியில என்ன மாத்த இருக்கு, அதே 'வீட்டோடு இருக்கிறாள்'தானே?" என்று கேட்டுவிட்டு என் ஜாமைத் தொட்டு நக்கிவிட்டுப் போனாள். அன்று பகல் முழுக்க எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. ஒரு தட்டை உடைத்தேன்.

மில் கதவில் விற்பனைக்கு என்று பலகை மாட்டியாகிவிட்டது. ஃபாஸ்டிக் ஆகஸ்ட் கடைசிக்குள் பத்தி வேண்டும் என்கிறார். நேராக அவருக்கே அனுப்பிவிடு. அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

லவினா

*

லூப் ஆற்றங்கரை
1885 ஆகஸ்ட் 10

மதிப்பிற்குரிய ஃபாஸ்டிக் அவர்களுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறேன். எங்கள் குடும்பப் பத்தி கீழே. புத்தகம் கிறிஸ்துமஸுக்கு வருவதால் அன்றைய நிலவரப்படி எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். குடும்பத்தார் வேறு ஏதேனும் சொன்னால் அடக்கத்தினால் சொல்கிறார்கள் என்று கொள்ளவும்.

"அசா பிராம்லெட், விவசாயி, போர்வீரர். கன்னெடிகட்டில் பிறந்து, எருது வண்டியில் ஓஹையோ வந்து, காடு திருத்தி நிலமாக்கினார். நாட்டின் அழைப்பை ஏற்று டென்னஸியில் பணியாற்றினார். அங்கே உயரமான ஓர் இடத்தைக் கைப்பற்ற முயன்றபோது விழுந்து இடுப்பில் காயமுற்றார். தற்போது பூரண குணம். முதல் மனைவி காலமானார். இவ்வாண்டு இலையுதிர் காலத்தில் திருமதி ப்ரூடென்ஸ் ஹாட்சை மணந்தார். பிள்ளைகள்: லவினா, மர மில் சொந்தக்காரர் ஆன்சல் டௌவின் மனைவி, ஆர்லாண்டோ, நெப்ராஸ்காவில் செழிப்பான விவசாயி, மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர்."

தங்கள் உண்மையுள்ள,
ஆர்லாண்டோ பிராம்லெட்

*

ஹாரோ கார்னர்ஸ்
1885 செப்டம்பர் 21

ஆர்லாண்டோ,

நீ சுகமா என்று கேட்க மாட்டேன். என் கையில் அகப்பட்டால் சுகமாக இருக்க மாட்டாய்.

சனிக்கிழமை பீன்ஸ் விருந்து. ஊரே மண்டபத்தில் இருந்தது. ஆன்சல் விடைபெற்றுப் போக வந்திருந்தார், ஓரமாக ஒரு தட்டோடு நின்றார். சாப்பாடு முடிந்ததும் சிப்பாய்களின் பத்திகளை அச்சுத்தாளிலிருந்து வாசிப்பதாக ஏற்பாடு. எங்களுடையது வந்ததும் அப்பா நாற்காலியில் குறுகி உட்கார்ந்தார். 'உயரமான ஓர் இடம்' என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். 'பூரண குணம்' என்றதும் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

அடுத்த வரியை ஃபாஸ்டிக் கணீரென்று வாசித்தார். பீன்ஸ் சட்டியைப் பிடித்தபடி ப்ரூடென்ஸ் ஹாட்ச் கேட்டாள், "ஏங்க அசா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல கவுனாப் போட்டுட்டு வந்திருப்பேனே!"

சிரிப்பு அடங்குவதற்குள் என் பெயர் வந்தது. ஆன்சல் டௌவின் மனைவி. அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆன்சலின் தட்டு கீழே விழுந்தது.

"தப்பு! மாத்துங்க!" என்று கத்தினேன்.

"அச்சுக்கு எழுத்துக் கோத்தாச்சும்மா. அடக்கமா ஏதாவது சொல்லுவீங்கன்னு தம்பி முன்னாலயே எழுதிட்டாரு" என்றார் அந்த மனுஷர்.

அப்போது அப்பா எழுந்தார். கைத்தடியை விட்டுவிட்டு மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விடுவிடுவென்று நடந்து ஆன்சலின் முன்னால் போய் நின்றார். "நீ எம்பொண்ணைக் கேட்டியா?"

"பல தடவை கேட்டேங்க. உங்க இடுப்புக்காக மாட்டேன்னுட்டா."

"என் இடுப்புக்காகவா? அட கடவுளே, நான் அவளுக்காகத்தானே நொண்டிட்டிருக்கேன்!"

ஊர் முன்னால் சொன்னார், ஆர்லாண்டோ! அதோடு விட்டாரா? சிப்பாய்கள் பக்கம் திரும்பி, "அந்த உயரமான இடம் ஆப்பிள் மரம். நான் பழம் திருடினேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எவனும் கை தட்டாதீங்க" என்றார். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் காயம் எப்படிப்பட்டதோ, யாருக்குத் தெரியும்.

நான் யாரோடும் பேசாமல் வீட்டுக்கு நடந்துவந்துவிட்டேன். இத்தனை வருஷ ஒத்தடம்! எத்தனை கெட்டில் வெந்நீர்! உனக்கு எல்லாம் தெரியும், கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். இனி எனக்கு எழுதாதே.

லவினா பிராம்லெட்

*

லூப் ஆற்றங்கரை
1885 அக்டோபர் 19

என் அன்பு அக்காவுக்கு,

சுகமா? தெர்சா என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. செய்தது தப்பு என்கிறாள், ஆனால் அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். உன்னிடம் சத்தியம், அப்பாவிடம் சத்தியம், நடுவில் நான் என்ன செய்வேன்? இரண்டையும் காப்பாற்றினேனே அக்கா. அவரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அச்சுக்காரனிடம்தானே சொன்னேன்.

ஆன்சல் ஓரிகன் போய்விட்டாரா? அதை மட்டுமாவது சொல். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்லாண்டோ

*

ஹாரோ கார்னர்ஸ்
1885 நவம்பர் 30

அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன்னைக் கொஞ்சம் தவிக்கவிடலாம் என்றுதான் பதில் போடவில்லை. அப்பாவும் அதையே சொன்னார்.

அன்று இரவு அப்பா தானே வெந்நீர் வைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். "நீ நடந்து வந்தியே, கால் வலிக்கும்" என்றார். சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பிறகு அந்தப் பட்டாணிப் பேச்சு நினைவுக்கு வந்து இருவரும் சிரித்துச் சிரித்து நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரே நாளில் இரண்டு கல்யாணம். ட்ருசில்லா இரண்டுக்கும் ஒரே கேக்கைக் கொண்டுவந்தாள். ப்ரூடென்ஸ் என் அடுப்படிக்குள் நுழைந்ததும், "ராணி எங்க உக்காருவாங்கன்னு சொல்லிட்டுப் போங்க, அந்த இடத்துல நான் உக்கார மாட்டேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. மில் கதவில் மாட்டிய 'விற்பனைக்கு' பலகையை ஆன்சல் கழற்றி அடுப்பில் போட்டார். அச்சில் வந்ததை மெய்யாக்கித்தானே ஆக வேண்டும்!

அதனால் உனக்கும் சந்தோஷச் செய்தி. ஏப்ரலில் நானும் ஆன்சலும் உன் வீட்டுக்கு வருகிறோம். கிழக்கு ஜன்னல் வைத்த அந்த மாடியறையை எங்களுக்கு ஒழித்து வை.

லவினா டௌ

*

லூப் ஆற்றங்கரை
1886 ஜனவரி 8

அக்கா,

வராதே. அதாவது, வா, ஆனால் வராதே.

மாடி இல்லை. வீடே, எப்படிச் சொல்வது, புல் பற்றின மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கியது. கூரையும் மண்தான். மழை பெய்தால் வெளியே நின்ற பிறகும் மூன்று நாள் உள்ளே பெய்யும். போன கோடையில் ஒரு பாம்பு கூரையிலிருந்து நேராகத் தெர்சாவின் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. மக்காச்சோளத்தை வெட்டுக்கிளி தின்றது. ஊரை விட்டு வரும்போது அவ்வளவு வீம்பு பேசிவிட்டு வந்தேன், தோற்றுப்போனேன் என்று எப்படி எழுதுவேன்? அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். காலில் விழுகிறேன்.

ஆர்லாண்டோ

*

ஹாரோ கார்னர்ஸ்
1886 மார்ச் 15

டேய் ஆர்லாண்டோ,

சுகம். ப்ரூடென்ஸ் சுகம், உன்னைக் கேட்டதாச் சொன்னா. புஸ்தகம் வந்துடுச்சு, நல்ல கனம். கதவு சாத்தாம இருக்க முட்டுக்கொடுத்திருக்கோம்.

உங்கக்கா எங்கிட்ட எதுவும் சொல்லல. அப்பாகிட்ட சொல்லாதன்னு நீ எழுதினதா மட்டும் சொன்னா. இந்தக் குடும்பத்துல ரகசியம் வெச்சுக் கிழிச்சது போதும். எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். உன் ஒவ்வொரு கடுதாசியிலயும் மண்ணு உதிருது. மாடி வீட்லேர்ந்து எப்படிடா மண்ணு உதிரும்? நான் விவசாயிடா. அதைக் கைல தேச்சுப் பாத்தேன், மோந்து பாத்தேன், நாக்குலகூட வெச்சுப் பாத்தேன். கருப்பு மண்ணு. நம்ம மண்ணை விட நல்ல மண்ணு. அதான் நான் வாயே திறக்கல. அப்படிப்பட்ட மண்ணுல உக்காந்திருக்கவன் தோத்துப்போகலடா, விளைய நாளாகுது, அவ்ளோதான்.

உன்னை மாடி வீட்டுக்காரன்னு அச்சடிச்சாச்சு. எழுத்துக் கோத்தாச்சு, மாத்த முடியாது. உன் பேச்சைக் கேட்டு ஒரு வண்டி பலகை வாங்கினேனே, எதுக்குன்னு இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. ஆன்சல் அதை ரயில்ல ஏத்திட்டு வரான். மாடி கட்டாம திரும்ப மாட்டான். கிழக்க ஒரு ஜன்னல் வெக்கச் சொல்லியிருக்கேன்.

லவினா கைல ஆப்பிள் கன்னு கொடுத்தனுப்பறேன். அன்னைக்கு டென்னஸில விழுந்தப்ப என் சட்டைக்குள்ள மாட்டின பழத்து விதையிலேர்ந்து வந்ததுதான் நம்ம கிணத்தடி மரம். அதோட கன்னுங்க இது. நட இடம் இல்லன்னா கூரை மேல நடு, அங்கதான் மண்ணுக்குப் பஞ்சமில்லையே.

காய்ச்சா பழம் பறிக்க நீ மட்டும் ஏறாத. தெர்சாவை ஏறச் சொல்லு.

அப்பா